மூச்சில் நோய், நெஞ்சில் படபடப்பு

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

தை பிறந்து அறுவடை மிஷின்கள் வயலில் இறங்கியதிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இளைப்பைப் பற்றியவை. பனியும் நெல் தூசியும் சேர்ந்து வருகிற மாதம் இது. அந்தக் கடிதங்களில் பல பேர் மூச்சோடு சேர்த்து இன்னொன்றையும் எழுதுகிறார்கள்: "நெஞ்சு அடிச்சுக்குது டாக்டர்." அதைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. ஏன் என்பதை முதல் பதிலிலேயே சொல்கிறேன். இந்த இதழ் முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. முப்பத்திரண்டு வருடம் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்து சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபட்டுப்போகும் நுரையீரல் நோய்) என்றார்கள். இன்ஹேலர் எடுக்கிறார். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 104 காட்டுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ இரண்டிலும் பெரிய கோளாறு இல்லை. ஊரில் ஒருவர் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி வாரத்துக்கு இரண்டு ஊசி போடுகிறார். நோய் நுரையீரலில்தானே இருக்கிறது? நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது? நரம்பு கெட்டுவிட்டதா?
(ஒரு வாசகர், நீடாமங்கலம்)

பதில்: தம்பி, முதலில் அந்த ஊசியில் என்ன மருந்து இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பெயர் சொல்லாத ஊசியை இனி போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அப்பாவின் நரம்பு தளரவில்லை. ஒரு பக்க நரம்பு முறுக்கேறி நிற்கிறது, இன்னொரு பக்க நரம்பின் பிடி நழுவியிருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இதயம் யார் சொல்லியும் துடிப்பதில்லை, தானாகவே துடிக்கும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சையில் அந்த இதயத்துக்குப் போகும் நரம்புகள் அறுபட்டுவிடுகின்றன. அவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். நமக்கெல்லாம் 70-லோ 75-லோ நிற்கிறதென்றால், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்கிற நரம்பு பகலும் இரவும் இதயத்தை அமர்த்திப் பிடித்திருக்கிறது என்று பொருள். விரட்டுவதற்கு இன்னொரு கூட்டம் உண்டு. பள்ளிப் பாடத்தில் பரிவு நரம்புகள் என்று படித்திருப்பீர்கள். ஓடும்போதும், பயந்தாலும், ரத்தம் இழந்தாலும் அவை வேலை செய்யும்.

இப்போது உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துப் பாருங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது நிதானிக்கும். இள வயதினருக்கு நன்றாகவே தெரியும். கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானியர் 1847-லேயே சுழலும் உருளையில் இதைக் கோடாக வரைந்து காட்டினார். மூச்சு இழுக்கும்போது வேகஸ் ஒரு கணம் பிடியைத் தளர்த்துகிறது, விடும்போது மறுபடி பிடிக்கிறது. மூச்சும் நாடியும் ஒன்றோடொன்று அவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டவை. நுரையீரல் நோய் நெஞ்சுக்குள் நுழைவது இந்த வழியாகத்தான்.

உங்கள் அப்பாவுக்குக் காற்று உள்ளே போகிறது, வெளியே முழுதாக வருவதில்லை. முந்தின மூச்சு தீருமுன் அடுத்ததை இழுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 14, 15 என்று இருக்க வேண்டிய மூச்சு 24, 26 ஆகிவிடுகிறது, ஆழமும் குறைகிறது. வேகஸ் பிடித்து, விட்டு, பிடிக்க அவகாசமே இல்லை. நுரையீரல் எந்நேரமும் உப்பியே இருப்பதால், அதன் சுவரில் விரிவை உணரும் நரம்பு முனைகள் அனுப்பும் செய்தியும் மாறிப்போகிறது. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பங்கு மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை, அங்கிருந்து உத்தரவு கொண்டுவருபவை கொஞ்சம்தான். நுரையீரலிலிருந்து இப்படிப் போகும் செய்திகளைத் தனித்தனி இழையாகப் பிரித்துப் படித்தவர்களில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் இருந்த ஏ.எஸ்.பெயின்டல். நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும் 'ஜே' உணர்விகளைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இன்னொரு இடத்தையும் காட்டுகிறேன். தாடை எலும்பு மடங்கும் இடத்துக்குக் கீழே கழுத்தில் நாடி தெரியுமே, அங்கே ரத்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவையில் ஓர் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அறிவது அதுதான். இதைத் தெளிவுபடுத்தியதற்காக பெல்ஜியத்தின் கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டு நோபல் பரிசு. ஆக்சிஜன் குறைந்ததும் அந்த அரிசி மணி மூளையை எழுப்புகிறது. மூளை பரிவு நரம்புகளை முடுக்குகிறது. நமக்கெல்லாம் அது எப்போதாவது நடக்கும். உங்கள் அப்பாவுக்கு அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்காமல் நடக்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் கால் நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையை வைத்து ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். படுத்து ஓய்வாக இருக்கும்போதே பரிவு நரம்பின் அதிர்வுகள் மற்றவர்களைவிட அதிகம். ஆக்சிஜன் கொடுத்ததும் கொஞ்சம் அடங்கின.

இப்படி நாள்பூராவும் விரட்டப்படுகிற இதயத்துக்கு அது நல்லதில்லை. சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் ஓய்வு நாடி கூடுதலாக இருப்பவர்களுக்கு ஆயுள் அபாயமும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே எக்கோ நன்றாக இருக்கிறது என்று 104-ஐ விட்டுவிடாதீர்கள். நெஞ்சுச் சளி முற்றியிருக்கிறதா, ரத்தசோகை, தைராய்டு உண்டா, நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா, நாடி ஒழுங்கில்லாமல் தாவுகிறதா, குடிக்கிற மாத்திரைகளில் எது நாடியை ஏற்றுகிறது, இவ்வளவையும் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும். பீடி இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நிகோடினும் அதே பரிவு நரம்புகளைத்தான் தூண்டும்.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்கிறேன். என் அம்மா வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். கருவேல விறகு, வரட்டி, மழைக்காலத்தில் உமி. பீடியை விரலால்கூடத் தொட்டதில்லை. மாலையில் திண்ணைத் தூணில் ஒரு கையை ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சு விடுவார். "நெஞ்சு அடிச்சுக்குதுடா தம்பி, ஒண்ணுமில்ல" என்பார். 1983-இல் ஒரு டாக்டர் அதை நரம்புத் தளர்ச்சி, படபடப்பு என்று எழுதி புரப்ரனலால் மாத்திரை கொடுத்தார். நான் அப்போது தஞ்சாவூரில் மருத்துவம் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்திருந்தேன். மருந்துச் சீட்டைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்துவிட்டார். பேச்சு வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நாடி என் விரலுக்கடியில் மெலிந்து காணாமல் போகிறது, விடும்போது திரும்பி வருகிறது. அப்படி ஒன்றை நான் அதுவரை தொட்டதில்லை. அடைபட்ட மூச்சுக்குழாய்களோடு போராடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் அவ்வளவு ஏறி இறங்கும் என்பதைப் பிறகு வகுப்பில் படித்தேன். வாடகைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். இன்னும் பதினொரு வருடம் இருந்தார்.

இதயத்தை விரட்டும் அதே பரிவு நரம்பின் ரசாயனம்தான் மூச்சுக்குழாயைத் திறந்தும் வைக்கிறது. புரப்ரனலால் இரண்டு இடத்தையும் சேர்த்து அடைத்துவிடும். அம்மாவின் படபடப்பு, உடம்பு அவரை உயிரோடு வைத்திருக்கச் செய்த முயற்சி. அதை அடக்கப் போனதில் மூச்சு அடைபட்டது.

கேள்வி: சென்னையில் இருக்கும் பேரன் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். எனக்கு வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆறு வருடமாக சி.ஓ.பி.டி. அந்தக் கடிகாரம் 'நாடித் துடிப்பு வேறுபாடு குறைவு' என்று எச்சரிக்கிறது. துடிப்பு ஒரே சீராக இருந்தால் நல்லதுதானே?
(வாசகி, மயிலாடுதுறை)

பதில்: டீச்சர், நீங்கள் கேட்டதைப் பலரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

நாடி 60 என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் சரியாக ஒரு விநாடி இடைவெளி என்று நினைக்கிறோம். ஆரோக்கியமான உடம்பில் ஓர் இடைவெளி 950 மில்லி விநாடி, அடுத்தது 1040, அடுத்தது 1010 என்று மாறிக்கொண்டே இருக்கும். முதல் பதிலில் சொன்னேனே, மூச்சோடு சேர்ந்து வேகஸ் பிடித்து விடுவது, அதன் சுவடுதான் இது.

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரிகிறதே, அங்கே ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கரைப் பார்த்திருப்பீர்கள். மேலே மழை என்றால் ஒரு பிடி இறக்குவார். கடைமடையில் நாற்று காய்கிறது என்று தகவல் வந்தால் ஒரு பிடி ஏற்றுவார். ராத்திரி எழுந்தும் பார்ப்பார். அப்படி ஒருவர் இருக்கிறவரை ஆற்றில் தண்ணீர் மட்டம் நேரத்துக்கு நேரம் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டுதான் இருக்கும். ஷட்டர் துருப்பிடித்து ஒரே உயரத்தில் நின்றுவிட்டால் தண்ணீர் 'சீராக' ஓடும். அடுத்த நாள் மழை வரும்போதுதான் அந்தச் சீரின் விலை தெரியும்.

சி.ஓ.பி.டி.யில் நடப்பது அதுதான். துடிப்பின் வேறுபாடு குறைந்துபோவது இந்நோயில் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று. ரத்த அழுத்தம் ஏறினால் உடனே நாடியை இறக்கிச் சமாளிக்கிற அனிச்சையும் மழுங்குகிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வயதாகும்போது எல்லோருக்குமே இந்த எண் குறையும். தூக்கம் கெட்டால், காய்ச்சல் வந்தால், இன்ஹேலர் எடுத்த சற்று நேரத்தில் பார்த்தால், எல்லாவற்றிலும் மாறும். அடுத்த வீட்டுக்காரர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உங்களுடைய போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். இன்னொன்று முக்கியம். எண் திடீரென்று மிக அதிகமாகி, நாடியும் தாறுமாறாகத் தாவினால் அதை 'வேறுபாடு கூடியது, நல்லது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிப்பதாலும் அப்படிக் காட்டும். நுரையீரல் நோயாளிகளிடம் அது அரிதல்ல. அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கேள்வி: மாமனாருக்கு ஆறு மாதத்துக்கு முன் ஹார்ட் அட்டாக். மெட்டோப்ரோலால் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு சி.ஓ.பி.டி.யும் உண்டு. 'லால்' என்று முடிகிற மாத்திரை இளைப்புக்காரருக்கு ஆகாது என்று தெரிந்தவர் சொன்னதால் போன வாரம் நிறுத்திவிட்டோம். சரிதானே?
(வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: சரியில்லை அம்மா. இதைப் படித்ததும் அவருடைய இதய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடக்கி வைத்திருந்த பரிவு நரம்பின் வேகம் மொத்தமாகப் பாயும். ஹார்ட் அட்டாக் வந்த இதயத்துக்கு அது ஆபத்து.

என் அம்மாவின் கதையை மேலே படித்துவிட்டு நீங்கள் குழம்பக்கூடும். அதனால் பிரித்துச் சொல்கிறேன். புரப்ரனலால் இதயத்தையும் மூச்சுக்குழாயையும் ஒருசேர அடைக்கும். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் இரண்டும் பெரும்பாலும் இதயத்தில் மட்டும் வேலை செய்பவை, மூச்சுக்குழாயை அதிகம் தொடுவதில்லை. ஹார்ட் அட்டாக், இதயச் செயலிழப்பு போன்ற காரணம் இருந்தால் சி.ஓ.பி.டி. உள்ளவருக்கும் இவற்றைக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். இளைப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த மருந்து மறுக்கப்பட்டு இதயம் கெட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமாவின் கணக்கு வேறு. அங்கே மிகவும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

நாடி வேகமாக இருக்கிறது, ஆனால் இதய நோய் இல்லை என்றால்? அப்போதும் இதைக் கொடுத்து நாடியை இறக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மெட்டோப்ரோலாலைக் கொடுத்து அப்படிச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. இளைப்பு முற்றுவது குறையவில்லை. கடுமையாக முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்த பக்கத்தில்தான் அதிகம். நீடாமங்கலம் தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும். 104-ஐ 80 ஆக்குவதல்ல நம் வேலை. எதனால் 104 ஆனதோ அதைச் சரிசெய்வதுதான்.

கண்ணில் நீர் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறவர்கள், உங்களுக்கு இளைப்பு உண்டு என்று கண் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். கண்ணில் விட்ட சொட்டு ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குப் போகும்.

கேள்வி: இன்ஹேலர் அடித்தால் கை நடுங்கி நெஞ்சு படபடக்கிறது. பயந்துபோய் அதை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறிவிட்டேன். மாத்திரை மெதுவானதுதானே?
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: ஐயா, இது நேர்மாறு. சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். எடையில் நாற்பது அழுத்தலுக்குச் சமம். இன்ஹேலர் மருந்து போகவேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. மாத்திரை வயிறு, ரத்தம், இதயம், கை எல்லாம் சுற்றிவிட்டு மிச்சம்தான் நுரையீரலுக்கு.

நீங்கள் மாறியது தியோஃபிலின் வகை மாத்திரை என்றால் இன்னும் கவனம் தேவை. பயன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையில் தூரம் கொஞ்சம்தான். நாடி ஏறும், வாந்தி வரும், அளவு மீறினால் வலிப்பே வரும். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்குகிற சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் ஆகியவை உடம்பில் அதன் அளவை ஏற்றிவிடும்.

தினமும் எடுப்பதற்கு டியோட்ரோபியம் போன்ற இன்ஹேலர் வகை உண்டு. அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்பு. 1921-இல் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி, அந்த இதயத்தை நனைத்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் நிதானித்தது. வேகஸ் ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் பேசுகிறது என்று தெரிந்தது. அசிட்டைல்கோலின் என்ற அதே ரசாயனத்தை வேகஸ் மூச்சுக்குழாயிலும் சுரந்து அதை இறுக்குகிறது. இதயத்துக்கு நல்லது செய்கிற நரம்பு, நோயுற்ற மூச்சுக்குழாய்க்குத் தொல்லை. டியோட்ரோபியம் அந்த இறுக்கத்தை மட்டும் மூச்சுக்குழாயிலேயே தடுத்துவிடும். சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கை நடுக்கம் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். இன்ஹேலரோடு ஸ்பேசர் குடுவையை மாட்டி எடுங்கள். ஒரே மூச்சில் இழுக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கிறோம். அம்மாவுக்குப் படபடப்பு வரும்போது அளவைக் கூட்டிவைத்தால் அடங்குகிறது. கூட்டியே வைத்திருக்கலாமா?
(வாசகர், வேதாரண்யம்)

பதில்: கூடாது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் மிஷினில் உங்கள் அம்மாவுக்கு 88 முதல் 92 வரை காட்டினால் போதும். நமக்கு 98 என்பதால் அவருக்கும் 98 வேண்டும் என்று இல்லை. சில சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு ஆக்சிஜனைக் கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பேச்சில் தடுமாற்றம், எழுப்பினால் எழாத தூக்கம் என்று போகும். படபடப்பு அடங்கியதாகத் தெரிவது அந்தத் தூக்கமாகவும் இருக்கலாம்.

அளவைவிட நேரம்தான் முக்கியம். ஓய்வில் 88-க்குக் கீழேயே நிற்பவர்கள் நாளில் குறைந்தது 15 மணி நேரம், இரவையும் சேர்த்து, ஆக்சிஜன் எடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள் நிரூபித்தன. படபடக்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்து எடுப்பதில் அந்தப் பயன் கிடையாது. சாமி விளக்கும் அடுப்பும் இருக்கும் இடத்தில் அந்தக் குழாயோடு அம்மா போகவே கூடாது.

கேள்வி: பிராணாயாமம் செய்தால் இந்த நரம்பு சரியாகுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: முழுதாகச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன். பலன் உண்டு என்பதைத் தயங்காமல் சொல்வேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விடவைத்துப் பார்த்த ஆய்வில், சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கும் அழுத்தத்தை உணர்ந்து நாடியைத் திருத்துகிற அந்த அனிச்சை அப்போதைக்குக் கூர்மையானது. மூச்சை விடும் நேரத்தை நீட்டும்போது வேகஸுக்குப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. மூக்கால் இழுங்கள். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்ற ஊதுவதுபோல், இழுத்ததற்கு இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். என் அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு யாரும் சொல்லித்தராமலே செய்தது இதைத்தான். எடுத்ததும் ஆறுக்கு வந்துவிட வேண்டும் என்று இல்லை. 24-இலிருந்து 16-க்கு வந்தாலே நல்லது. மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் கும்பகமும் வயிற்றை வெட்டி வெட்டி ஊதும் கபாலபாதியும் உங்களுக்கு வேண்டாம். உப்பிய நுரையீரலை அவை இன்னும் உப்பவைக்கும்.

இதைவிடவும் நடைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டவரின் தொடைச் சதை கரைகிறது. கரைந்த சதை கொஞ்ச வேலைக்கே நிறைய ஆக்சிஜன் கேட்கிறது, உடனே நரம்பு இதயத்தை விரட்டுகிறது. பனி விலகி வெயில் ஏறியபின் வாய்க்கால் கரையில், உடன் ஒருவரோடு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடங்கள். அறுவடை நடக்கும் வயல் பக்கம் மட்டும் வேண்டாம். நின்றதும் நாடியை எண்ணி எழுதுங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ட்ரெட்மில் சோதனையில் அந்த ஒரு நிமிடத்தில் 12-க்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்போம். இறங்கினால் வேகஸ் திரும்பி வந்து பிடிக்கிறது என்று அர்த்தம். வாய்க்கால் கரையில் அதே கணக்கை அப்படியே வைக்க முடியாது. ஆனால் முதல் வாரம் 5, எட்டாவது வாரம் 11 என்று வந்தால் அது உங்கள் உழைப்பு. நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ, விரல் மிஷின் 88-க்குக் கீழே போனாலோ நின்றுவிடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு இளைப்பு, படபடப்பு. சிகரெட் வாசனையே வீட்டில் கிடையாது. கேஸ் அடுப்பு வந்து ஏழு வருடம் ஆகிறது. பிறகும் எப்படி?
(வாசகர், நன்னிலம்)

பதில்: கேஸ் வருவதற்கு முன் எத்தனை வருடம் விறகடுப்பு என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் புகை செய்த வேலை அப்படியே இருக்கும். கொல்லையில் வெந்நீர் அடுப்பும் மாட்டுக்குத் தவிடு காய்ச்சுகிற அடுப்பும் இன்னும் விறகில்தான் எரிகின்றனவா என்றும் பாருங்கள். சிலிண்டரை மிச்சம் பிடிக்க நம் வீட்டுப் பெண்கள் செய்வது அது. நாளை முதல் வெந்நீரையும் கேஸிலேயே வையுங்கள், செலவைப் பார்க்க வேண்டாம். ஊதும் டெஸ்ட் இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். இளைப்புக்காரப் பெண்களுக்கு இந்த டெஸ்ட்டை எழுதாமல் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்புவது இன்னும் நடக்கிறது, அதனால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று விழித்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போது என்ன செய்வது?
(வாசகர், பேராவூரணி)

பதில்: படுத்தே இருக்காதீர்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஸ்டூலில் இரண்டு தலையணை அடுக்கி, அதில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்துகொள்ளுங்கள். உதட்டைக் குவித்து விடுங்கள். உடனடி இன்ஹேலரை ஸ்பேசரோடு இரண்டு முறை எடுங்கள். விரல் மிஷினில் ஆக்சிஜனையும் நாடியையும் பார்த்து, மணியோடு சேர்த்துக் காலண்டரில் எழுதிவையுங்கள். கால் மணி நேரத்தில் அடங்கவில்லை என்றாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கால் வீங்குகிறதா, குறட்டை உண்டா, குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். வீக்கம் இருந்தால் நுரையீரலின் அழுத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்கு ஏறியிருக்கிறதா என்று எக்கோவில் பார்க்க வேண்டும். குறட்டை இருந்தால் தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கழுத்திலுள்ள அந்த அரிசி மணி உங்களைத் தட்டி எழுப்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள், இன்ஹேலரையும் எடுத்துப்போய் அவர் கண் முன்னால் ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள்.